மச்சம் என்ற சொல்லுக்குப் பொருள்

அன்பு மகள் நெகாருக்கு, ஷிராஸிலிருந்து அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம், ஹாம்பர்க் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன வாரம் போனில் என் முகத்தைக் காட்டாமல் பேசினேன் என்று கோபித்துக்கொண்டாயே, காரணத்தைச் சொல்கிறேன், பதறாமல் முழுதும் படி, முடிவு நல்ல முடிவுதான்.

அப்பாவின் கவிதைப் புத்தகம் ஒருவழியாக அச்சுக்குத் தயாரானது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் மது என்றால் மது என்றே படித்துவிடுகிறார்கள், கடைசியில் சொற்பொருள் எழுதிக் கொடுங்கள் என்று பதிப்பாளர் கேட்டுவிட்டார். சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு தேநீர் குடிப்பதைத் தவிர வேறு போதை அறியாத மனுஷன் உட்கார்ந்து எழுதினார், மது என்றால் இறையன்பு, மதுக்கடை என்றால் ஞானியர் கூடுமிடம், சுருள்கூந்தல் என்றால் உலக மயக்கம். நம் வீட்டு வியாழக்கிழமைக் கவிதைக் கூட்டத்தில் இதை வாசித்தபோது நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மருந்துக்கடை ஹெஷ்மத்தான் வம்புக்கு இழுத்தார். "அதெல்லாம் சரிப்பா, பக்கத்துக்குப் பக்கம் கன்னத்து மச்சம் வருதே, அது யாரோடது?" என்றார். உன் அப்பா கழுத்து வரை சிவந்துபோய், "மச்சம்னா இறைவனோட ஒருமையைக் காட்டுற புள்ளி, எந்த உடம்பையும் குறிக்காது, போதுமா?" என்றார். எல்லாரும் என் இடது கன்னத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். எனக்கு வருத்தம்தான் நெகார். கல்யாணமான நாள் முதல் அந்த வரிகளை என்னுடையவை என்றே நினைத்திருந்தேன். கேட்கவும் வெட்கம், பிற ஆண்கள் முன்னால் என் பெயரைக்கூடச் சொல்லாமல் 'நெகாரோட அம்மா' என்றே கூப்பிடுகிறவரிடம் எதைக் கேட்பது.

அந்த மச்சம்தான் குளிர்காலத்திலிருந்து தடித்து, ஓரம் கறுத்து அரிக்க ஆரம்பித்திருந்தது. டாக்டரம்மா பார்த்த மாத்திரத்தில், எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டாள். உன்னிடம் சொல்லாததற்குத் திட்டாதே, உனக்குப் பரீட்சை. மச்சத்தை எடுக்க அப்பாதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கன்னத்தில் ஊசி போட்டு என்னைப் படுக்கவைத்திருந்தபோது, திரைக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது. "கொஞ்சூண்டு விட்டு வைக்க முடியாதாம்மா? அடையாளத்துக்கு?" என்று கெஞ்சுகிறார். டாக்டரம்மா சிரித்து, "வெறும் மச்சந்தானே ஐயா" என்றாள். "வெறும் மச்சமா! என்ன பேசுற நீ? படிச்ச பொண்ணுதானே?" என்று ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டார். எனக்கோ சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது, மரத்துப்போன முகம் சிரிக்க விடவில்லை, கண்ணிலிருந்து தண்ணீராக வந்தது. நர்ஸ் பெண் வலிக்கிறதாக்கும் என்று பயந்துபோனாள்.

பரிசோதனையில் கெட்டது ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது, இறைவனுக்கு நன்றி. அன்றைக்கு முட்டைக்கோஸ் சோறு செய்தேன், அப்பா அடிச்சட்டி வரை சுரண்டிச் சாப்பிட்டுவிட்டு எங்கோ அவசர வேலை என்று கிளம்பினார். என்ன வேலை என்று நேற்றுதான் தெரிந்தது. புத்தகம் வந்திருக்கிறது. ஹெஷ்மத் கடைசிப் பக்கத்தைப் பிரித்து, "அடப்பாவி, இத்தனை வருஷமா ஒருமை ஒருமைன்னு எங்க எல்லாரையும் ஏமாத்திட்டியேடா!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். அப்பா ஜன்னல் வழியே நாரத்தை மரத்தைப் பார்த்துக்கொண்டு, பூ விட ஆரம்பிச்சிடுச்சு போல என்றார். நான் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். மதுவும் மதுக்கடையும் அப்படியேதான் இருக்கின்றன. கீழே மட்டும் ஒன்று மாறியிருக்கிறது. 'மச்சம்: மொனிரேயின் இடது கன்னத்தில் இருந்தது. மற்றவை எல்லாம் உருவகம்.'

என் பெயர், நெகார். ஊரே படிக்கும்படி அச்சில்.

ஒரு பிரதி உனக்கு அனுப்பியிருக்கிறேன், கூடவே உலர்ந்த எலுமிச்சையும். உன் தோளிலும் ஒரு மச்சம் உண்டு, அதை அங்கே ஒரு டாக்டரிடம் காட்டிவிடு, தள்ளிப்போடாதே. நீ போகும் வழியெல்லாம் ஒளியாக இருக்கட்டும், என் உயிரே.

கன்னத்தில் பிளாஸ்திரியுடன்,
உன் அம்மா மொனிரே