பெரிய மிருகத்துக்கான விட்டம்

ரெட் டீர், கனடா
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி மணிமாறன் எழுதுவது. நீங்களும் அண்ணியும் சுகம்தானே? கடிதத்தைக் கண்டு திகைக்க வேண்டாம். அம்மாவின் பதினாறாம் நாளன்று நமக்குள் இனிப் பேச்சு இல்லை என்றுதான் முடிவானது. எழுத்து இல்லை என்று யாரும் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடமாக இந்த ஓட்டையை நாம் இருவருமே கவனிக்காமல் இருந்திருக்கிறோம்.

விஷயம் இதுதான். எங்கள் லாரி கம்பெனி முதலாளி நவம்பரில் வேட்டைக்கு அழைத்திருக்கிறார். இங்கே அதற்கு வகுப்பு உண்டு, தேர்வு உண்டு, லைசென்ஸ் உண்டு. மூன்றையும் முடித்துவிட்டேன். மிருகத்தின் பெயர் எல்க். நம் சிறுமலைக் கடமானுக்குப் பெரியப்பா முறை. துப்பாக்கியை எந்த காலிபரில் வாங்குவது என்பதில்தான் குழம்பிக் கிடக்கிறேன். காலிபர் என்றால் குழலின் துளை விட்டம். டூ செவன்ட்டி என்று ஒன்று, தேர்ட்டி நாட் சிக்ஸ் என்று ஒன்று, த்ரீ ஹன்ட்ரட் மேக்னம் என்று ஒன்று. முதலாவது தோளை இடிக்காது. மூன்றாவது, சுடுகிறவனின் தோளையும் சேர்த்து வேட்டையாடும்.

அப்பாவின் துப்பாக்கியில் பழகிய கை உங்களுடையது. எந்த விட்டம் சரி என்று எழுதுங்கள்.

முதலாளியிடம் நம் பன்றிக் கதையைச் சொன்னேன். உங்கள் தொடையைக் கிழித்த பன்றியை ஒரே வெடியில் நான் துரத்தியதைக் கேட்டு, அதற்காகவேதான் அழைத்தார்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புத் தம்பி,
மணிமாறன்

*

வடமதுரை
27 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தம்பிக்கு,

பொன்னழகு எழுதுவது. கடிதம் வந்தது. தபால்காரர் கையெழுத்து வாங்கும்போது "கோர்ட்டு நோட்டீஸா?" என்று விசாரித்தார். தம்பி என்றேன். "அதுவும் ஒண்ணுதான்" என்று போய்விட்டார்.

விட்டம் என்ற சொல் எனக்கு ஏற்கெனவே ஒரு முறை வேலை வைத்தது. பயிரைக் காக்கத் துப்பாக்கி லைசென்ஸ் கேட்டுப் போன வருஷம் மனுப் போட்டேன். மனுவில் 'விட்டம்' என்று ஒரு கட்டம். வீட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, 'இல்லை, காங்கிரீட்' என்று நிரப்பினேன். விசாரணைக்கு வந்தவரும் வீட்டுக்குள் நின்று அண்ணாந்து பார்த்து, "ஆமா, விட்டம் இல்ல" என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது: 'விட்டம் இல்லாத ஆயுதத்துக்கு உரிமம் வழங்க வழியில்லை.' ஆகவே விட்டம் பற்றி யோசனை சொல்ல எனக்குத் தகுதியில்லை என்பது அரசாங்க ஆவணமாகவே இருக்கிறது.

அப்பாவின் துப்பாக்கியை ஒரு தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். அதற்குப் பிறகு எத்தனையோ ஆட்சி வந்துவிட்டது. துப்பாக்கி வரவில்லை.

மக்காச்சோளத்தைச் சுற்றி உன் அண்ணியின் பழைய சேலைகளைக் கட்டியிருக்கிறேன். பன்றி மிரளும் என்றார்கள். முதல் வாரம் மிரண்டது. இப்போது, உன் கல்யாணத்துக்கு நீ எடுத்துக்கொடுத்த பச்சைச் சேலையை மட்டும் ஒதுக்கிவிட்டு நுழைகிறது. அது உள்ளே வரும் வழி என்று புரிந்துகொண்டது போல.

பன்றிக் கதையை அங்கேயும் சொல்லத்தான் வேண்டுமா?

இடது கால் அடிக்கடி மரத்துப் போகிறது. மற்றபடி சுகம்.

பொன்னழகு

*

ரெட் டீர்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் எழுத்தைப் பார்த்ததே போதும். பச்சைச் சேலை விஷயத்தில் மட்டும் வருத்தம்.

தேர்ட்டி நாட் சிக்ஸ் என்று கிட்டத்தட்ட முடிவு செய்திருக்கிறேன். வகுப்பில் ஒரு பெரியவர் சொன்னார்: சிறிய குண்டால் பெரிய மிருகத்தைச் சுடுவது வீரமில்லை, கொடுமை. உடனே சாகாது. குண்டை உடம்பில் வைத்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்துப் பல வருஷம் நடமாடுமாம். சுட்டவனுக்கு அது தெரியவே தெரியாதாம். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தக் கதையைச் சொல்லத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலாளி வீட்டு விருந்தில் அதைக் கேட்காமல் யாரும் எழுந்திருப்பதில்லை. பன்றி இப்போது இருநூறு கிலோ. போன வருஷம் நூற்றைம்பதாக இருந்தது. நான் ஏற்றவில்லை, அதுவே ஏறுகிறது. ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. அம்மாவின் காரியத்தில் அத்தனை பேர் முன்னால் இதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது "வாய மூடுறா" என்று கத்தினீர்களே, ஏன்? உங்கள் உயிரைக் காப்பாற்றியதைத்தானே சொன்னேன்?

கால் மரத்துப் போவதை டாக்டரிடம் காட்டவும்.

மணிமாறன்

*

வடமதுரை
6 அக்டோபர் 2025

அன்புள்ள மணிமாறனுக்கு,

நீ சொன்னபடியே காட்டினேன். திண்டுக்கல்லில் ஒரு டாக்டர். இடுப்பில் நரம்பு நசுங்கியிருக்கலாம், எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும் என்றார். நவம்பர் ஐந்து, காலை பத்து மணிக்குத் தேதி. அது பெரிய காந்தமாம். உடம்பில் உலோகம் உண்டா என்று கேட்டார்கள். என் கை தொடைத் தழும்புக்குப் போகவே அதை எக்ஸ்ரே எடுத்தார்கள். மூன்று குண்டு. ஒன்று ரத்தக்குழாயை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது.

தம்பி, அன்று பன்றி வரவில்லை.

விடியற்காலையில் சோளத்துக்குள் நான் எதற்குப் போனேன் என்பதை விளக்க வேண்டியதில்லை. கையில் செம்பு இருந்தது. சோளம் அசைந்தது, நீ சுட்டாய். அப்பாவைக் கூட்டிவர ஓடினாய். நீங்கள் இருவரும் திரும்பி வருவதற்குள் யோசித்து முடித்துவிட்டேன். உனக்குப் பதினெட்டு முடிந்து பதினோரு நாள். பன்றி என்று சொன்னேன். தையல் போட்ட டாக்டர், புண்ணுக்குள் கையில் கிடைத்ததை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, "பன்னிக்கு இம்புட்டுச் சின்னப் பல்லாய்யா?" என்றார். "குட்டிப் பன்னிங்க" என்றேன். அதைத்தான் நீ இருநூறு கிலோவுக்கு வளர்த்திருக்கிறாய்.

இப்போது எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அப்பாவின் டப்பாவில் இரண்டு வகை இருந்தது: ஈயக் குண்டு, சைக்கிள் சக்கரத்து இரும்புப் பால்ரஸ். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒரே வெள்ளை. ஈயத்தைக் காந்தம் சீண்டாது. பால்ரஸ் என்றால் இழுக்கும். ஒட்டியிருக்கிற குழாயைக் கிழித்துவிடும் என்கிறார்கள். அன்று குழலுக்குள் எதைப் போட்டாய்?

போனில் கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. உன் அண்ணிக்கே இன்னும் பன்றிதான். ஐந்தாம் தேதிக்குள் பதில் வராவிட்டால் ஈயம் என்று சொல்லிவிடுவதாக இருக்கிறேன். அப்பாவுக்கு ஈயம்தான் பிடிக்கும்.

நீ கேட்ட விட்டத்துக்கும் பதில் வைத்திருக்கிறேன். டாக்டர் அளந்தார், நாலு மில்லிமீட்டர். பெரிய மிருகத்துக்கு இது பத்தாது. உங்கள் வகுப்புப் பெரியவர் சொன்னது முழுக்க உண்மை.

பொன்னழகு

*

வடமதுரை
6 நவம்பர் 2025

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று நடந்ததை நீ பாதிதான் அறிவாய். மீதியை எழுதுகிறேன்.

பச்சை அங்கியை மாட்டிவிட்டு ஆஸ்பத்திரி நடையில் உட்கார வைத்திருந்தார்கள். போன் அடித்தது. பிளஸ் ஒன்றில் தொடங்கும் நம்பர். அப்படி வந்தால் எடுக்கக் கூடாது, ஏமாற்றுக்காரர்கள் என்று பேங்கில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு முறை கட் செய்தேன். மூன்றாவது முறை உன் அண்ணி பிடுங்கி என் காதில் வைத்தாள்.

"பால்ரஸ்" என்றாய்.

நலமா என்று கேட்கவில்லை. யார் பேசுவது என்றும் சொல்லவில்லை. யோசிக்கவும் இல்லை. இருபத்தாறு வருஷம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தவனுக்குத்தான் அத்தனை வேகமாக வரும். எல்லாம் தெரிந்துதான் பன்றியை வளர்த்தாயா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நானும்தானே தீனி போட்டேன்.

அதற்குப் பிறகு நீ போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. பதினேழு நிமிஷம் என்று அண்ணி பார்த்துச் சொன்னாள். உன் பக்கமிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கனடாவில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும்.

ஸ்கேன் கிடையாது. முதலில் குண்டை எடுக்க வேண்டும், பிறகுதான் மற்றது என்கிறார்கள். கால் சரியாகும் என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை. ஆபரேஷன் இருபதாம் தேதி. அன்று நீ எல்க் பார்க்கப் போகிறாயா, வேறு எங்கேயாவது வருகிறாயா என்பது உன் இஷ்டம்.

கிளாரா என்று ஒரு நர்ஸ் புதிய படிவம் கொண்டுவந்து கேட்டுக் கேட்டு நிரப்பினார். 'உலோகம் உடலில் புகுந்த விதம்' என்று ஒரு கட்டம். உன் அண்ணி முந்திக்கொண்டு, "காட்டுப்பன்னி முட்டுனது மேடம்" என்றாள். நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். நான் பேனாவை வாங்கி அந்தக் கட்டத்தை நானே நிரப்பினேன்.

அவர் வாங்கிப் படித்தார். "தம்பியா? என்னய்யா இது! இப்ப எங்க இருக்காரு?"

"கனடாவுல."

"ஒங்ககூடப் பேசுறாரா?"

"செத்த நேரத்துக்கு முன்னாடிதான் பேசுனான்."

"என்ன சொன்னாரு?"

"பால்ரஸ்னு சொன்னான்."

உன் அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து அவளும் என்னோடு பேசவில்லை. இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுத்துத்தான் தபாலில் போடச் சொல்லப் போகிறேன். உறையை ஒட்டவில்லை.

உன் அண்ணன்,
பொன்னழகு