யாரும் ஆடக் கூப்பிடாதவர்

ஜூன் 7, சனி
சனி மாலை ஜோடி நடன வகுப்புக்கு இன்று புதிதாக நான்கு பேர். போன மாதம் புதிதாக வந்த ஆறு பேரில் ஒருவரைக்கூடக் காணோம். "வர்றவங்க ஏன் நிக்க மாட்டேங்கிறாங்க? நீங்கதான் கொஞ்சம் பாத்துக்கணும்" என்றார் மாஸ்டர், பழைய மாணவியான என்னிடம். பல் மருத்துவமனை வரவேற்பில் உட்காருபவள் நான். பயந்துகொண்டு வருகிறவர்களை உட்கார வைப்பதுதானே பிழைப்பு! தலையாட்டிவிட்டேன்.

ஜூன் 14, சனி
நால்வரில் இருவர்தான் வந்தார்கள். ஒருவர் பேருந்து ஓட்டுநர். ஆறடி உயரம், கூச்சம் அதற்கும் மேல். வாசலில் சிரித்து வரவேற்றேன், தண்ணீர் கொடுத்தேன். பிறகு வழக்கம்போல் என் கணவரோடு ஆடப் போய்விட்டேன். நடுவில் ஓட்டுநர் வந்து கை நீட்டினார். "அடுத்த பாட்டுக்கு" என்றேன். அடுத்த பாட்டுக்குத் திரும்பினால் ஆளே இல்லை.
"ஏதாவது அவசரமா இருக்கும், விடு" என்றார் இவர்.

ஜூன் 15
அவசரமாம். அடுத்த பாட்டுன்னு ஏன் சொன்னேன்? கால மிதிச்சிடுவாருன்னுதானே? யார ஏமாத்துறேன் நான்?

ஜூன் 17, செவ்வாய்
அவர் ஓட்டும் தடம் எது என்று மாஸ்டரிடம் கேட்டு வைத்திருந்தேன். வேலை முடிந்ததும் மூன்று பேருந்துகளை விட்டுவிட்டு அவருடையதில் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போனேன். டீ குடிக்க இறங்கியவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.
"ஆட்டம் வரலைன்னு நான் போகல மேடம். அஞ்சு பாட்டு சுவரோரமா உக்காந்திருந்தேன். ஒருத்தராவது பேரு என்னன்னு கேட்டிருந்தா இருந்திருப்பேன்."
நானும் கேட்கவில்லை! அங்கேயே கேட்டேன்.
சிரித்துவிட்டார். "இத கேக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

ஜூன் 21, சனி
மாஸ்டரிடம் பேசி மாற்றிவிட்டோம். முதல் அரை மணி நேரம் பாட்டுக்குப் பாட்டு ஜோடி மாற வேண்டும். கை பிடிக்கும் முன் பெயர் சொல்ல வேண்டும். பழைய ஆட்கள் சிலருக்கு முகம் சுண்டிப்போயிற்று. இவரோ, "உன்கூட ஆடத்தான் கல்யாணமே பண்ணேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒரு புது அம்மாளுக்குக் கை நீட்டினார். அந்த அம்மாள் போகும்போது, "அடுத்த வாரமும் இதே நேரந்தானே?" என்று கேட்டார்.
ஓட்டுநர் வரவில்லை.

ஜூன் 28, சனி
வந்தார்! என் காலை இரண்டு முறை மிதித்தார். நன்றாகவே வலித்தது. ஆடி முடித்தோம்.

ஜூலை 12, சனி
போன வாரம் வந்த ஐந்து புதியவர்களில் நால்வர் திரும்பி வந்தார்கள். ஓட்டுநரோடு மூன்றாவது பாட்டு. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே ஆடியவர் திடீரென்று, "சனிக்கிழமை சாயங்கால டியூட்டிய மாத்தி வாங்கிட்டேன் மேடம். இனிமே காலைலதான்" என்றார்.
சொன்ன வேகத்தில் எண்ணிக்கை தவறிவிட்டது. இருவரும் நின்று, ஒன்றிலிருந்து தொடங்கினோம்.