காயாத மஞ்சள்

உன் ஸ்வெட்டர் என் மடியில் இருக்கிறது. நீ போனபின் உன் மனைவி இரண்டு முறை துவைத்துவிட்டாள். டர்பன்டைன் வாடை மட்டும், உன்னைப் போலவே, சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த உன் பெயின்ட் கடையில் எனக்கு என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது. எனக்கும்தான். நீ போர்டு எழுதுவாய். நான் ஸ்டூலில் உட்கார்ந்து ஊர்க்கதை அளப்பேன். எந்த எஸ்டேட் கிளார்க் யார் வீட்டுக்கு மீன் வாங்கிப் போனார் என்பதுவரை எனக்கு அத்துபடி.

இறந்தவர்களை வரையும்போது மட்டும் என்னை வாயை மூடச் சொல்வாய். ஜெகதளாவிலிருந்து, தேயிலைக் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர், காலமான கணவரின் கருப்பு வெள்ளைப் போட்டோவோடு வந்தாரே! நீ மூக்கைப் பற்றிக் கேட்கவில்லை, மீசையைப் பற்றிக் கேட்கவில்லை.

"ஏனுங்க, அவரு என்ன நெறத்துல ஸ்வெட்டர் போடுவாருங்க?"

"காப்பிப்பொடி நெறமுங்க. முழங்கையில கிழிஞ்சு, நாந்தான் பச்சை நூல்ல ஒட்டுப் போட்டேன். கல்யாண ஊட்டுக்கும் அதையே மாட்டிட்டு வருவாரு. மானம் போகுதுன்னு வழியெல்லாம் சண்டை போட்டுட்டே வருவேனுங்க."

மார்போடு நிற்கவேண்டிய படத்தை முழங்கைவரை இழுத்தாய். மற்றதெல்லாம் மூடுபனிக்குள் நிற்பவர்போல் மங்கலான சாம்பல், பழுப்பு. ஒட்டு மட்டும் பளீரென்று பச்சை. எனக்குப் பொறுக்கவில்லை.

"துக்கத்துக்குக் கருப்புதானப்பா? இதென்ன தேர்த்திருவிழாவா?"

"கருப்பு எல்லாத்துக்கும் பொது. அந்தம்மா அழுகை இந்தப் பச்சையிலதான் இருக்குது. நீ டீயைக் குடி."

படத்தை வாங்க வந்த அந்த அம்மா முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. காயாத ஒட்டை விரலால் தடவி விசும்பினார். பச்சை இழுபட்டது. துடைக்கத் துணியை எடுத்தேன்; என் கையைத் தட்டிவிட்டாய். அந்த இழுபட்ட பச்சையோடுதான் படம் ஜெகதளாவுக்குப் போனது.

இப்போது உன் முறை. பிளக்ஸ் கடைக்காரர் உன் போட்டோவுக்குப் பின்னால் நீல வானமும் நாலு புறாவும் வைத்து, உன்னைக் கட்சியின் வட்டச் செயலாளர் ஆக்கியிருந்தார். "வேண்டாமுங்க, நானே வரைஞ்சுக்கறேன்" என்று வீறாப்பாக எழுந்து வந்துவிட்டேன். தூரிகையை எடுத்த பிறகுதான் உறைத்தது: இருபது வருஷம் எதிரில் உட்கார்ந்தவனுக்கு உன் ஸ்வெட்டரின் நிறம் தெரியாது. ஊரார் அடுப்படிவரை எட்டிப் பார்த்த ஆளுக்கு இது வேண்டியதுதான்.

உன் மனைவியிடம் கேட்டேன்.

"அண்ணா, அதுல இல்லாத நெறம் எதுன்னு கேளுங்க" என்று சிரித்தவள், சிரிப்பை முடிக்காமலே உள்ளே போய் இதை எடுத்து வந்தாள். கைமடிப்பை விரித்துக் காட்டினாள். பெயின்ட் படாத இரண்டு விரற்கடை. வெளிர் மஞ்சள்.

"கல்யாணமான வருஷம் நான் பின்னுனதுங்க."

மூன்று நாள் வரைந்தேன். உடம்பெல்லாம் சாம்பல், கைமடிப்பில் மட்டும் மஞ்சள். முகமா? வெட்கக்கேடு. தாலுகா ஆபீஸ் பியூனின் பெரியப்பா மாதிரி வந்திருக்கிறது.

இன்று காலை அவள் வந்து வெகுநேரம் பார்த்தாள்.

"ஆளு யாருன்னு தெரியலீங்கண்ணா. கை அவரோடதுதான்."

சொல்லிவிட்டு அந்தக் கைமடிப்பைத் தொட்டாள். மஞ்சள் இழுபட்டது. "இன்னும் காயலை, அம்மிணி" என்று சொல்ல வாயெடுத்தவன், மூடிக்கொண்டேன். நீ சொல்லாமலே நான் வாயை மூடியது இதுதான் முதல் தடவை.

ஸ்வெட்டரை நானும் நீட்டவில்லை, அவளும் திருப்பிக் கேட்கவில்லை.