உங்கள் வேகத்தில் தப்பில்லை

கண்ணுக்குள்ளேயே இருக்கும் என் அத்தானுக்கு,

கம்ப்யூட்டர் பெட்டி ஓடுகிறது. நீங்கள் முதலில் கேட்பது அதைத்தானே? அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நீங்கள் போனபின் கல்யாண வீடியோ வேலையை நான்தான் பார்க்கிறேன். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வரவுசெலவு எழுதிக்கொண்டே கண்ணால் படித்த வேலை. வருஷம் திரும்பும்வரை நான் வாசல் தாண்டக் கூடாது. ஆடித் தபசுக் கூட்டம் நம் தெரு வழியே போனபோதும் கதவுக்கு உள்ளே நின்றுதான் அம்மனைக் கும்பிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா கொண்டுவந்து தரும் கோவில் புற்றுமண்ணைப் பூசிக்கொண்டு, காலையில் பெட்டி முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருக்கிறேன். வேறு எங்கே போக?

சித்திரை வெயில் ஏறியதும் பெட்டி படுக்க ஆரம்பித்தது. சிவகிரிக்காரர் வீட்டுக் கல்யாணத்தை முழுப் படமாக்கக் கொடுத்தால், பாதியில் திரை உறைந்து, தானாக அணைந்துவிடும். மூன்றாம் முறை அணைந்தபோது உங்கள் தம்பி பார்த்துவிட்டார்.

“மதினி, ரேக்ளா மாட்டை வெரட்டுத மாதிரில்லா அண்ணன் இதை வெரட்டி வச்சிருக்கான். பொறவு படுக்காம என்ன செய்யும்? ராசபாளையத்துல ஒருத்தன் கேக்கான், தள்ளி விட்டுருவோம். இன்னொரு தடவை நின்னுச்சு, நான் தூக்கிட்டுப் போயிருவேன்.”

பெட்டி போனால் என் வேலையும் போகும். அதைவிட, உங்கள்மேல் விழுந்த சொல்தான் எனக்குத் தாங்கவில்லை. மூன்றரை கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் வந்த பிராசசரை நாலு புள்ளி நாலுக்கு ஏற்றியது நீங்கள்தான். ஒரே நாளிலா ஏற்றினீர்கள்? ஒரு படி ஏற்றி, வோல்டேஜைத் துளி கூட்டி, சோதனையை ஓடவிட்டு, சூடு எண்பது டிகிரியைத் தாண்டுகிறதா என்று நீங்கள் பார்த்துச் சொல்ல, நான் எழுதுவேன். “ஏத்துதது யாரும் ஏத்துவான் கோமு, நின்னு ஓடணும்லா” என்பீர்கள். போன சித்திரையிலும் இதே வெயில்தானே? அப்போது ஒருநாளும் படுக்கவில்லையே?

காரியம் முடிந்த அன்றே, மகன் உட்கார்ந்த இடம் என்று அத்தை உங்கள் படத்தைப் பெட்டியின் தலையில் வைத்துவிட்டாள். தினமும் மாலை, முன்னால் விளக்கு. சூடு வெளியே போகும் சல்லடை அந்தப் படத்துக்கு நேர் அடியில் இருக்கிறது. அத்தை குளிக்கப் போன நேரத்தில் விளக்கை நகர்த்தி, படத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சோதனையை ஓடவிட்டேன். எண்பதைத் தொடவேயில்லை. திரும்ப வைத்ததும் கிடுகிடுவென்று ஏறியது.

மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

“ஏட்டி, வருசம் திரும்புத வரைக்கும் படத்தை அசைக்கப்படாது. பொட்டிக்கு வேர்க்குன்னு எம்புள்ளையத் தூக்கி எறக்கி வைக்கச் சொல்லுதியா?” கேட்டுவிட்டு, முந்தானையில் முகத்தை மூடி அழுதாள். என் அப்பாவோடு கூடப் பிறந்தவள். அவளிடம் இன்னொரு முறை எப்படிச் சொல்ல?

அதனால் வேகத்தை மூன்று புள்ளி எட்டுக்கு இறக்கினேன். நீங்கள் போட்ட எண்ணை என் கையாலேயே அழித்தேன். நாள் முழுக்க முக்கி முனகி, கல்யாணப் படம் முடிந்தது. சிவகிரிக்காரர் வாங்கிப் போய்விட்டார்.

உங்கள் தம்பிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “பாத்தீங்களா மதினி? அண்ணன் வேகத்தைக் கொறச்சதும் சொன்ன பேச்சு கேக்குது!”

அத்தை அந்தப் பக்கம் உட்கார்ந்து உங்களுக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் பழி அந்தப் பூவின் மேல். மூடினால் உங்கள் மேல். மூடிக்கொண்டேன். பெட்டியும் நானும் இப்போது ஒரே மாதிரிதான். இறக்கி வைத்த வேகத்தில், யாருக்கும் தொந்தரவு இல்லாமல் ஓடுகிறோம். நான் என்ன செய்திருக்க வேண்டும், அத்தான்?

வருஷம் திரும்பட்டும். முதலில் அம்மன் சன்னதிக்குப் போவேன். வந்ததும் அத்தை கையாலேயே உங்கள் படத்தைச் சுவரில் மாட்டச் சொல்வேன். பிறகு உங்கள் தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து, படிப்படியாக நாலு புள்ளி நாலுக்கு ஏற்றுவேன். சூட்டை நான் பார்த்துச் சொல்கிறேன். அவர் எழுதட்டும்.

உங்கள் தாய்மாமன் மகள்,
கோமு