கல்யாணம் ஆகவில்லை என்று ஒரு சான்று

வியாழன், இரவு.

குமாரைப் பதிவுத் திருமணம் செய்ய, எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று விஏஓ சான்று தர வேண்டும். விசாரிக்க அவருடைய உதவியாளர் இன்று எங்கள் தெருவுக்கு வந்தார்.

எதிர்வீட்டு செல்வி அக்கா சிரித்தாள். "இவளுக்கா? வயசுக்கு வந்த சடங்குலயே தாய்மாமன் மாலை போட்டுட்டானே. அவன் பொண்டாட்டிதான் இவ."

கேலி என்றுதான் நினைத்தேன். உதவியாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "இன்னாம்மா, நெசமா?" என்று அம்மாவிடம் கேட்டார். குமாருக்குச் சம்மதம் சொன்ன அதே அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எந்தம்பி அப்டித்தாங்க நெனச்சிக்கினு இருக்கான். இன்னும் ஒருத்தியையும் கட்டிக்கல."

அந்த மாலையின் கனத்தில் கழுத்து வலித்தது மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது.

"எனக்குக் கல்யாணம் ஆவலங்க!" என்றேன். தெருவில் இவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை.

"அத உங்க மாமனையே வந்து சொல்லச் சொல்லும்மா. அப்பதான் எழுத முடியும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அம்மா மூங்கில்துறைப்பட்டுக்குப் போன் செய்தாள். மாமா காலையில் வருகிறாராம். வரும்போது கூறைப்புடவை எடுத்துக்கொண்டு வருகிறாராம்.