வியாபாரி ஆன பாதிரியார்

ஆனி 22, ஞாயிறு. வெளியே சாரல்.

தென்காசியில் எங்கள் திரைப்படக் குழு இன்று ஒரு பழைய சோவியத் நகைச்சுவைப் படம் போட்டது. பொய் அற்புதம் காட்டிக் காணிக்கை வாங்கும் பாதிரியாரின் கதை. ஊமைப்படம் என்பதால் திரையில் வரும் எழுத்துகளை நான்தான் தமிழில் வாசித்தேன்.

இடம் மாதா கோயில் ஹால். விளக்கை அணைக்கும் நேரத்தில் ஃபாதரே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். இனி ஹால் கிடைக்காதோ என்ற பயத்தில், பாதிரியார் என்று வந்த இடத்தில் எல்லாம் வியாபாரி என்று வாசித்தேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஃபாதரும்தான்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது சொன்னார்: "அங்கியும் சிலுவையும் போட்ட வியாபாரிய இன்னைக்குத்தான் சார் பாக்கேன். அடுத்த ஞாயித்துக்கெழமையும் ஹால் சும்மாதான் கெடக்கு. இதே படத்தப் போட்டு, உள்ளத உள்ளபடி வாசிங்க."

எவனுக்கும் பயப்படாதவன் என்று ஊரில் எனக்குப் பேர். இன்று ஒரு நாள் சறுக்கிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அந்த அங்கி எல்லோர் கண்ணுக்கும் தெரிந்திருக்குமே என்பது இப்போதுதான் உறைக்கிறது. அவர்கள் சிரித்தது படத்தைப் பார்த்து மட்டும் இல்லை.

இருக்கட்டும். அடுத்த ஞாயிறு பாதிரியார் என்றே அழுத்தி வாசிப்பேன். சிரிப்பு குறைந்தால் குறையட்டும்.