முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கேயும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் அப்பா கட்டிலில் கிடந்தபடியே எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொள்கிறார், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவின் உடைந்த இடுப்பெலும்பு கூடிவிட்டது. கெட்டது இடது முழங்கால், பஸ்ஸில் க்ளட்ச் மிதிக்கிற கால். வலிக்குது என்று அவர் சொல்லும்போதெல்லாம் நானும் அடுத்த தெருவிலிருந்து வருகிற உன் அத்தையும் அதற்கு அடியில் தலையணை வைத்தோம். இப்போது கால் மடங்கியபடியே நின்றுவிட்டது. பிசியோதெரபிப் பெண் வந்த அன்றே தலையணையை உருவி அலமாரி மேல் போட்டாள். தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத கண்ணிகள் சங்கிலி மாதிரி கோத்திருக்குமாம், சார்கோமியர் என்று பெயராம், ஒவ்வொன்றும் துளி சுருங்குவதால்தான் நம்மால் ஒரு விரலைக்கூட மடக்க முடிகிறதாம். காலை மடக்கியே வைத்தால் இவ்வளவு நீளம் எதற்கு என்று உடம்பே கண்ணிகளைக் குறைத்துவிடும், தினமும் நீட்டிப் பிடித்தால்தான் திரும்பச் சேரும் என்றாள். வலிக்கக் கூடாதுன்னு நீங்க செஞ்சதுதான்மா காலைப் பிடிச்சு வெச்சிருக்கு என்றும் சொன்னாள். திட்டவில்லை, ஆனாலும் அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

காலையும் மாலையும் நான்தான் அழுத்திப் பிடிக்கிறேன். நீ பொண்டாட்டியா போலீஸா என்று முதலில் கத்துவார், நானும் லைசென்ஸை எடுங்க பாப்போம் என்பேன். இப்போது கத்துவதும் இல்லை, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். அடுத்த பரிசோதனைக்குள் கால் நேராகாவிட்டால் பஸ் ஓட்டுவதை மறந்துவிடச் சொல்லிவிட்டார் டாக்டர்.

போன வாரம் அவர் போனில் அழுதபோது நீ, பாவம்மா, கொஞ்ச நேரம் தலையணையைக் குடுத்துடேன் என்றாய். தூரத்திலிருந்து கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அன்றிலிருந்து, என் பொண்ணே சொல்லிட்டா என்று அத்தையிடம் தலையணையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். நான் எடுத்துவிட்டால் என்னோடு பேச்சு இல்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் அத்தை வரும்வரை வாயைத் திறப்பதில்லை.

அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது, தலையணை கூடாதுப்பா என்று நீயே சொல்லிவிடு. அழுவார், இளகிவிடாதே. நான் சொல்லச் சொன்னதாக மட்டும் காட்டிக்கொள்ளாதே. கொஞ்ச நாள் உன்மேல் கோபமாக இருப்பார், இருக்கட்டும் கண்ணு. நீ போனை வைத்துவிட்டு உன் வேலையைப் பார்க்கலாம். அத்தை தன் வீட்டுக்குப் போன பிறகு இந்த வீட்டில் எனக்குப் பேச அவர் ஒருவர்தான் இருக்கிறார்.

இருவரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். நேரத்துக்குச் சாப்பிடு. கடிதம் கிடைத்தது என்று போனில் சொல்லிவிடாதே.

உன்னையே நம்பியிருக்கும்
அம்மா